பல தரகர், ஒரு வீடு

பெங்களூரு நகரின் கிழக்கே, அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடைப்பட்ட பகுதியில் மர்பி டவுன் அமைந்திருக்கிறது. நாக்ஸ்பேட்டை என்பது அதன் பழைய பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே பொறியாளராகப் பணியாற்றிய மர்பி என்பாரின் பெயரை அது பின்னர் ஏற்றது. பழைய சென்னைச் சாலை வழியே பெங்களூருக்குள் வருவோர், நகரின் நடுவிடத்தை எட்டுமுன் இப்பகுதியின் ஓரமாகவே சென்றாக வேண்டும். சிறிய மனைகள், குறுகிய தெருக்கள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போன்ற வீடுகள். திண்ணையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும். 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அல்சூரிலும் இந்திரா நகரிலும் நிலையங்கள் அமைந்தன. அதன்பின் இத்தகைய பழைய தெருக்களும் வாடகை வருவாயை நாடி வீடு வாங்குவோரின் கண்ணில் படலாயின.

அவ்வாறு வாங்க விரும்பும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். குடியிருக்க வேறிடத்தில் ஒரு வீடு இருக்கிறது. சேமித்த பொருளும் வங்கிக் கடனும் கொண்டு இன்னொரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட வேண்டும். ஒரு தரகரிடம் சொல்லி வைக்கிறார்கள். பதினைந்து நாள் கழிந்ததும் மற்றொருவரிடமும், பின்னர் மூன்றாமவரிடமும் சொல்கிறார்கள். பல வலை வீசினால் மீன் விரைவில் அகப்படும் என்பது அவர்கள் கணக்கு. இக்கணக்கு எவ்வளவு சரி, எங்கே பிழைபடுகிறது என்பதை அறிய, தரகு என்னும் தொழில் நம்மிடையே வளர்ந்த கதையைச் சற்றே பின்னோக்கிக் காண்பது நலம்.

தரகு பழைய தமிழ்ச்சொல். முதலாம் இராசராச சோழன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1006-இல், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடு இப்பொழுது ஹாலந்து நாட்டு லெய்டன் நகரின் பெயரால் வழங்குகிறது. ஊரிலிருந்து வரும் வருவாய்களை அது அடுக்கிச் சொல்லுமிடத்தில், தறிப்புடவையை அடுத்துத் தரகும் இடம்பெறுகிறது. தரகு வரிக்குரிய தொழிலாக, அரசின் கணக்கில் ஏறிய தொழிலாக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பது இதனால் விளங்கும். ஆனால் ஒன்றை இங்கே நோக்க வேண்டும். அக்காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை பல காணப்படுகின்றன. விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், நான்கு எல்லை, விலைப்பொருள், எழுதியவன் பெயர், சான்றொப்பமிட்டோர் பெயர் ஆகியவை விரிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நிலத்துக்கு உரிமை தந்தது அந்த ஆவணமும் அதற்குச் சான்று நின்ற ஊராருமே. பொருளைச் சேர்த்து வைப்பவன் ஒருவன், உரிமைக்குச் சான்று பகர்பவன் வேறொருவன் என்னும் வேறுபாடு அன்றே இருந்தது. இவ்விரு பணிகளும் ஒருவர் வாயில் வந்து கலந்தது பின்னாளில்தான்.

ஐரோப்பிய வணிகர் வந்தபின் மொழி தெரிந்தவன் கை ஓங்கிற்று. 1639-இல் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தைத் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து பெற்றபொழுது, இடைநின்று பேசியவர் பேரி திம்மப்பா என்னும் துபாஷி என்பர். துபாஷி என்பது இரு மொழி அறிந்தவன் எனப் பொருள்படும். பேச்சை மொழிபெயர்த்தவனும் உடன்பாட்டுக்கு இடைநின்றவனும் ஒருவனே. ஒரு மாநகரமே தரகரின் வாய்ச்சொல்லில் தொடங்கிற்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இதே நிலை பெங்களூரில் நம் முன்னோர்க்கும் வாய்த்தது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே தங்கியிருந்த ஆங்கிலப் படை, 1809-இல் பெங்களூருக்கு இடம் மாறிற்று. படையோடு தமிழ் பேசும் சிப்பாய்களும், ஒப்பந்தக்காரர்களும், தச்சரும் கொத்தரும், சலவைத் தொழிலாளரும் சமையற்காரரும் வந்தனர். அல்சூரைச் சுற்றியும் கண்டோன்மென்டின் கடைவீதிகளிலும் தமிழ் வீட்டுமொழியாகவும் சந்தைமொழியாகவும் நின்றது. ஆற்காட்டிலிருந்து வந்த நாராயணசாமி முதலியார் போன்றோர் பெரும் கட்டட ஒப்பந்தங்களை ஏற்று நடத்தினர். அட்டாரா கச்சேரி எனப்படும் உயர்நீதிமன்றக் கட்டடம் அவருடைய ஒப்பந்தத்தில் 1868-இல் நிறைவுற்றது. கண்டோன்மென்டைத் தண்டு என்றே மக்கள் அழைத்தனர். தண்டுக்கு மேற்கே மைசூர் அரசின் நகரம். அதன் ஆட்சிமொழி கன்னடம். 1881-இல் மைசூர் மீண்டும் அரச குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டபொழுதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே தங்கிற்று. 1947-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள்தான் அது மைசூருடன் இணைந்தது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின.

இதனிடையே 1898-இல் பிளேக் நோய் பெங்களூரைத் தாக்கிற்று. நெருக்கமான பேட்டைகளை விட்டு மக்கள் வெளியேற, மைசூர் நகரப் பக்கத்தில் மல்லேசுவரமும் பசவனகுடியும், தண்டுப் பக்கத்தில் பிரேசர் டவுன் முதலிய டவுன்களும் விரிந்தன. அதிகாரிகளின் பெயர் தாங்கிய அந்த டவுன் வரிசையில் மர்பி டவுனும் ஒன்று. புதிய மனைகள் எழுந்ததும், எந்த மனை விலைக்கு வரும், யார் ஊரை விட்டுப் போகிறார், எந்தக் குடும்பத்துக்குத் திருமணச் செலவு நெருங்குகிறது என்பவற்றை அறிந்து சொல்பவர் தேவைப்பட்டனர். மளிகைக் கடைக்காரரும் கட்டட மேஸ்திரியும் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவரும் இப்பணியைச் செய்வது பழைய பேட்டைகளில் இன்றும் காணும் காட்சி. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது நான்கு தெரு. ஐந்தாம் தெருவின் செய்தி வேறொருவரிடம் இருக்கும்.

ஆதலின் மர்பி டவுன் போன்ற இடத்தில் பல தரகரை நாடுவது தவறன்று; சில வேளை இன்றியமையாததும் ஆகும். அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் வீடுகளைத் தரகர்கள் பொதுப்பட்டியல் ஒன்றில் ஏற்றுகின்றனர். ஒருவரை அமர்த்தினாலே ஊரில் விலைக்கு உள்ள பெரும்பாலான வீடுகளைக் காண இயலும். அங்கே 2024 ஆகஸ்ட் முதல், அந்நாட்டுத் தேசியத் தரகர் சங்கத்தின் ஏற்பாட்டின்படி, வீட்டைப் பார்க்கச் செல்லுமுன்பே வாங்குவோர் தம் தரகருடன் எழுத்து உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். நம் பழைய தெருக்களுக்கு அத்தகைய பொதுப்பட்டியல் இல்லை. செய்தி மனிதர் மூளையில் சிதறிக் கிடக்கிறது; அதைத் திரட்டப் பலரிடம் செல்லத்தான் வேண்டும்.

ஆனால் செல்லும் முறையில்தான் இடர்ப்பாடு. ஒரே குடும்பம் மூன்று தரகரிடம் சொல்ல, மூவரும் ஒரே வீட்டுக்காரரிடம் தனித்தனியே சென்று, "நம்மிடம் ஒரு பார்ட்டி இருக்கிறது" என்கிறார்கள். வீட்டுக்காரர் கண்ணுக்கு அது மூன்று பார்ட்டிகளாகத் தோன்றும். தம் வீட்டுக்கு இத்துணை வேண்டுகை இருப்பதாக எண்ணி அவர் விலையை உயர்த்துகிறார். வாங்குபவர் தம்மோடு தாமே போட்டியிட்டு விலையை ஏற்றிவிட்டதை அறியார். இன்னொன்றும் உண்டு: வீட்டுக்காரரை நேரே அறிந்த தரகர் ஒருவர், அவரை அறிந்தவர் மற்றொருவர், அவரிடமிருந்து கேள்விப்பட்டவர் வேறொருவர். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்தவர், நடுவிலுள்ள ஒவ்வொருவரின் பங்கையும் விலைக்குள்ளேயே செலுத்துகிறார். விற்கும் விலையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு எனத் தரகு கேட்பது பெங்களூர் வழக்கம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு இரண்டு விழுக்காடு இரண்டு இலட்சம். இருவர் தனித்தனியே உரிமை கொண்டாடினால் நான்கு இலட்சம். மாத வாடகை இருபத்தையாயிரம் வரும் வீடாயின், மிகையாகக் கேட்கப்படும் அந்த இரண்டு இலட்சம் எட்டு மாத வாடகையை விழுங்கிவிடும்.

இருவர் உரிமை கொண்டாடினால் யாருக்குக் கொடுப்பது? இவ்வினாவுக்குச் சட்டம் பழைய விடையொன்றை வைத்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவர்களுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. வேறு தனி உடன்பாடு இல்லையேல், ஒப்புக்கொண்ட செயல் நிறைவேறும் வரை முகவர்க்கு ஊதியம் சேராது என்பது அதன் 219-ஆம் பிரிவு. தாம் ஏற்ற காரியத்தில் முறைகேடு செய்தவர் அப்பகுதிக்குரிய ஊதியத்தை இழப்பார் என்கிறது 220-ஆம் பிரிவு. யார் முயற்சியால் விற்பனை உண்மையில் கைகூடிற்றோ அவரே ஊதியத்துக்கு உரியவர் என்பது ஆங்கில நீதிமன்றங்கள் வகுத்து, நம் நீதிமன்றங்களும் பின்பற்றும் அளவுகோல். வீட்டின் வாயிலை முதலில் காட்டிய ஒரே காரணத்தால் ஒருவர்க்கு உரிமை பிறந்துவிடாது. பேச்சை முடித்துக் கொடுத்தவரும் அவர்தாமா என்பது நோக்கப்படும்.

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதில் புகழ்பெற்றது. திரையரங்குகளை விற்கத் தரகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். விற்பனை முடிந்தால் அவருக்குப் பத்தாயிரம் பவுன். வாங்க ஆயத்தமான ஒருவரையும் அவர் கொண்டு வந்து நிறுத்தினார். ஆனால் உடைமையாளர் அவ்விற்பனையை முடிக்கவில்லை. தரகர் வழக்காடினார். 1941-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதியில் இடம்பெற்ற தீர்ப்பில், விற்பனை முடிந்தால்தான் ஊதியம் என்று சொல்லியிருக்க, முடியாத விற்பனைக்கு ஊதியமில்லை என்று பிரபுக்கள் அவை கூறிற்று. உடைமையாளர் ஒரே வேளையில் பல தரகரிடம் சொல்லி வைப்பது உலக வழக்கு; ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கடமைப்பட்டவர் என்றால் அவர் நிலை என்னாவது என்னும் எண்ணமும் அத்தீர்ப்பில் இழையோடுகிறது. தரகருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். அவர் நடந்த நடைக்கும் செலவிட்ட நாளுக்கும் விலை இல்லையா என்று நாமும் கேட்கலாம். நடைக்கூலி தனியே வேண்டுமெனில் அதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளச் சட்டம் தடை செய்யவில்லை. நம் ஊரில் அதை எழுதுவோர் அரியர். "பார்த்துக் கொடுங்கள்" என்பதோடு பேச்சு முடிகிறது. பூசல் பின்னர்த் தொடங்குகிறது.

ஒரு குறிப்பேட்டில், எந்த நாளில் எந்த வீட்டை எந்தத் தரகர் காட்டினார், அன்று சொன்ன விலை என்ன என்று எழுதி வைத்தாலே பாதிப் பூசல் தீரும். அதே வீட்டை மற்றொருவர் காட்ட வந்தால், முன்பே பார்த்தோம், இன்னார் வழியாகப் பார்த்தோம் என்று அங்கேயே சொல்லிவிடுவது இருவர்க்கும் மரியாதை. தெருவுக்கொரு தரகர் என்று பகுத்துக்கொள்வதும் நல்ல வழி. ஒரே தெருவை மூவரிடம் ஒப்படைப்பதில் ஊதியம் ஒன்றுமில்லை. விலை பேசும்பொழுது மட்டும் ஒருவர் வாயிலாகவே பேச வேண்டும். தரகர் தமக்கே வீட்டை வாங்கி நமக்கு மிகை விலையில் விற்பதும் நடக்கும். நம் முகவராக அமர்ந்தவர் நாம் அறியாமல் அவ்வாறு தம் பொருட்டுக் கொள்வினை செய்தால், அதனால் வந்த ஆதாயத்தை நாம் கேட்டுப் பெறலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு இடமளிக்கிறது. முன்பணத்தை வீட்டுக்காரரின் கையிலோ வங்கிக் கணக்கிலோ செலுத்தாமல் தரகரிடம் கொடுப்பதால் விளையும் கேட்டினை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை. பணத்தினும் பெரிதாகிய உரிமையில்தான் வெளிமாநிலத் தமிழராகிய நாம் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும். நம்மில் பலர் கன்னடத்தைப் பிழையறப் பேசுகிறோம். எழுதப் படிக்க அறிந்தோர் அத்துணைப் பேர் அல்லர். மர்பி டவுன் போன்ற இடத்து வீட்டுக்குரிய தாள்களில் பழையவை ஆங்கிலத்தில் இருக்கலாம். பின்னவை கன்னடத்தில் இருக்கலாம். படிக்கத் தெரியாத தாளை யாரிடம் நீட்டுகிறோம்? அருகில் நிற்கும் தரகரிடம். துபாஷியின் வேலை மீண்டும் அவரிடம் வந்து சேர்கிறது. வீடு விற்றால்தான் அவருக்கு ஊதியம். ஆகவே அவர் படித்துக் காட்டும் வரிகள் விற்பனைக்குத் துணையான வரிகளாகவே அமைவது இயல்பு. மூன்று தரகர் மூன்று முறை படித்தாலும், படிக்காமல் விட்ட வரி படிக்கப்படாமலே இருக்கும். மூவரும் ஒன்றையே சொல்கிறார்களே என்று நாம் ஆறுதல் கொள்வோமாயின், மூவரும் ஒருவரிடமிருந்தே கேட்டிருக்கக்கூடும் என்பதை மறந்தவராவோம்.

பழைய குடும்ப வீடுகளில் இது இன்னும் சிக்கலாகும். பாட்டனார் கட்டிய வீடு, மக்கள் நால்வர், ஒருவர் கோலார் தங்கவயலில், ஒருவர் துபாயில், இருவர் அதே வீட்டில். நால்வருக்கும் நான்கு தரகர். ஒவ்வொரு தரகரும் தம்மவரையே வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பார். திருமணமாகிச் சென்ற பெண்களைப் பற்றி யாரும் வாய் திறவார். பெண்களின் பங்கு வரலாற்றில் பெங்களூருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மைசூர் அரசு 1933-லேயே இந்துப் பெண்களின் சொத்துரிமைக்குச் சட்டம் இயற்றிற்று. ஆனால் தண்டுப் பகுதி அன்று ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தமையால், ஒரே நகரின் இரு பாதிகளில் இரு சட்டங்கள் நடந்தன. பின்னர் 1994-இல் கர்நாடகமும், 2005-இல் நடுவணரசும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த பிறப்புரிமையை வழங்கின. கிறித்தவக் குடும்பங்கட்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம் குடும்பங்கட்கு அவர்தம் தனிச்சட்டம். ஆகவே பாட்டனார் எந்த ஆண்டில் இறந்தார், உயில் எழுதினாரா, வீடு அவர் தாமே தேடியதா, முன்னோர் வழி வந்ததா என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்காமல் ஒருவரும் விலை பேசலாகாது. இவ்வினாக்களைக் கேட்க வேண்டியவர் நாம் தனியே ஊதியம் கொடுத்து அமர்த்தும் வழக்கறிஞர். தரகர் காட்டித் தரும் வழக்கறிஞர் அல்லர். விற்பனை முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஊதியம் பெறும் ஒருவர் நம் பக்கம் இருத்தல் வேண்டும்.

வில்லங்கச் சான்று ஒன்றைக் காட்டி எல்லாம் தூய்மை என்பாரும் உளர். பதிவான விற்பனை, பதிவான அடமானம் ஆகியவற்றையே அச்சான்று காட்டும். உடன்பிறந்தாளின் பங்கையோ, பதிவேறாத போக்கியத்தில் குடியிருப்பவரின் உரிமையையோ, நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கையோ அதில் தேடினால் கிடைக்காமற் போகலாம். காதா என்பதும் நகராட்சி வரிவிதிப்புக்காக வைத்திருக்கும் கணக்கே. அது உரிமைப் பத்திரம் ஆகாது. பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு வீட்டை விற்றுவிட்டதாகச் சொல்லும் பழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய பத்திரத்தால் உரிமை மாறாது, பதிவு செய்த விற்பனை ஆவணத்தாலேயே மாறும் என்று தெளிவாக்கிற்று. அதற்கு முன் அம்முறையில் கைமாறிய வீடுகள் பழைய தெருக்களில் இன்னும் விலைக்கு வருவதுண்டு.

தரகரைச் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுவரும் முயற்சியும் நடந்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம், வாடகை வீடுகளுக்கு இடைநிற்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தது. 2016-ஆம் ஆண்டின் நிலமனை ஒழுங்காற்றுச் சட்டம், தரகர் பதிவெண் பெற வேண்டும், ஆவணங்களை வாங்குபவர்க்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், இல்லாத வசதியை உண்டென்று சொல்லலாகாது என்றெல்லாம் கட்டளையிட்டது. ஆனால் அச்சட்டம் தரகர்க்கு இடும் கட்டளை, அதன்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட புதிய கட்டுமானத் திட்டங்களில் நிகழும் விற்பனையைப் பற்றியது. ஒயிட்பீல்டிலோ சர்ஜாபுரத்திலோ எழும் அடுக்குமாடியில் இருநூறாம் எண் வீட்டை விற்கும் தரகரின் பதிவெண்ணை நாம் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். மர்பி டவுனில் அறுபது ஆண்டுப் பழைய ஓட்டு வீட்டைக் காட்ட நம்மை அழைத்துச் செல்லும் முதியவரை அச்சட்டம் தொடுவதில்லை. அவரை ஆள்வது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், அவரோடு நாம் முதல் நாளில் எழுதிக்கொள்ளும் அரைப்பக்கத் தாளுமே. அத்தாளில் நான்கு செய்தி போதும்: எந்த வீடு, யார் பக்கத்துத் தரகர், எவ்வளவு ஊதியம், அது பதிவு நாளில்தான் கொடுக்கப்படும் என்பது. கையொப்பமிடத் தயங்குபவர் இருந்தால், அடுத்த தெருவில் வேறொருவர் இருக்கிறார்.